ஒட்டகத்தைக் கட்டாதவர்களின் தவக்குல்

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பதியர், இருவரும் அறுபதை எட்டியவர்கள், இங்கிலாந்தில் பணிபுரியும் தம் மகனைக் காணச் செல்கின்றனர். ஜூன் மாதத்தில் அந்நாட்டின் கிராமப்புறங்களையும் 12 நாள்கள் சுற்றிவர எண்ணியிருக்கின்றனர். ஏரிகள் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதி, வடகிழக்கில் நார்தம்பர்லாந்துக் கடற்கரை, திரும்பும் வழியில் லண்டனுக்குத் தென்மேற்கிலுள்ள வோக்கிங் என்பது திட்டம். இதிலொன்றும் புதுமையில்லை. ஆனால் அவர்கள் செய்துவரும் முன்னேற்பாடுகள் பள்ளிவாசல் திண்ணையில் பேச்சாகிவிட்டன. மருத்துவக் காப்பீடு, மருந்துச் சீட்டின் நகல், கடல் ஏற்ற இறக்க அட்டவணை, மலையில் ஊதுவதற்கு ஒரு விசில், எழுதி வைத்த வஸிய்யத் என்று பட்டியல் நீண்டதும், "அல்லாஹ்வின் மீது தவக்குல் உள்ளவனுக்கு இத்தனை காகிதம் எதற்கு?" என்று ஒருவர் கேட்டாராம். சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்களாம். மார்க்கத்தின் பெயரால் சொல்லப்பட்ட சொல் இது. எனவே மார்க்கத்தின் பக்கம் நின்றே இதற்கு மறுமொழி கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அதே திண்ணையில் இன்னொரு முணுமுணுப்பும் எழுந்தது: "இந்தப் பணத்தில் இன்னோர் உம்ரா செய்திருக்கலாமே." இதை முதலில் முடித்துவிடுவோம். ஹஜ் கடமையாகியும் அதை நிறைவேற்றாமல் ஊர் சுற்றுபவரைக் கண்டித்தால் அதில் நியாயமுண்டு. இவர்கள் ஹஜ்ஜை முடித்தவர்கள், ஸகாத் கொடுப்பவர்கள், வட்டிக் கடன் இல்லாதவர்கள். பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைச் சிந்தித்துப் பார்க்குமாறு அன்கபூத் அத்தியாயத்தின் 20ஆம் வசனம் பணிக்கிறது. நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது சீட்டுக் குலுக்கித் தம் மனைவியரை அழைத்துச் சென்றார்கள். ஒரு பயணத்தில் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயமும் ஓடினார்கள். மனைவியோடு ஒரு மலையையும் ஓர் ஏரியையும் பார்ப்பது வீண் விரயம் என்போர், நிக்காஹ் விருந்துகளில் சஹன் சஹனாகக் குப்பைக்குப் போகும் சோற்றைப் பற்றித் திண்ணையில் பேசி நாம் கேட்டதில்லை.

இனி தவக்குல். யமன் நாட்டிலிருந்து ஹஜ்ஜுக்கு வந்த சிலர் வழியுணவு எடுத்துக்கொள்ளாமல் வருவார்கள். "நாங்கள் தவக்குல் வைத்தவர்கள்" என்பது அவர்களின் பெருமை. மக்காவை அடைந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். பயணத்துக்கான உணவைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்று பணிக்கும் அல்பகரா 197ஆம் வசனம் இவர்கள் விஷயமாகவே அருளப்பட்டது என்று இப்னு அப்பாஸ் (ரலி) வாயிலாக புகாரியில் பதிவாகியிருக்கிறது. கவனிக்க வேண்டியது இதுதான்: அவர்கள் சென்றது உல்லாசப் பயணமன்று, ஹஜ். புனிதமான அந்தப் பயணத்திலேயே வெறுங்கையோடு வருவதைத் தவக்குல் என்று அல்லாஹ் ஏற்கவில்லை. அதைத் தவக்குல் என்று பெயரிட்டு அழைத்தவர்கள் அவர்கள் மட்டுமே. அன்றைய யமனியரின் வாதம் இன்று நம் திண்ணையில் தமிழ் பேசுகிறது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டு வைப்பதா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டச் சொன்ன திர்மிதீ ஹதீஸை அறியாதவர் நம்மில் எவருமில்லை. மேடையில் அதைச் சொல்லாத பேச்சாளரும் இல்லை. ஆனால் ஒட்டகம் கார் ஆகும்போதும், கயிறு காப்பீட்டுத் தாள் ஆகும்போதும் அந்த ஹதீஸ் நமக்கு மறந்துபோகிறது. சிரியாவில் கொள்ளைநோய் பரவியதை அறிந்து ஸர்க் என்னுமிடத்திலிருந்து உமர் (ரலி) திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். விதியின் ஒரு பக்கத்திலிருந்து அதே விதியின் மறுபக்கத்துக்கே செல்வதாக உமர் (ரலி) விடையளித்தார்கள். அவர்களை விடவா நம் திண்ணைப் பெரியவர்களுக்குக் கத்ரின் மீது ஈமான் கூடிவிட்டது?

ஹிஜ்ரத்தை எடுத்துக்கொள்வோம். அல்லாஹ்வின் பாதுகாப்பு வாக்களிக்கப்பட்ட ஒருவர் மேற்கொண்ட பயணம் அது. மதீனா வடக்கே இருக்க, நபி (ஸல்) அவர்கள் தெற்கே சென்று ஸவ்ர் குகையில் 3 இரவுகள் தங்கினார்கள். ஊரில் நடப்பதை அறிந்துவந்து சொல்ல அபூபக்ர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் இருந்தார். பயண உணவைக் கட்டிக் கொடுத்தவர் அஸ்மா (ரலி). பாலுக்கு ஆமிர் பின் ஃபுஹைராவின் ஆட்டு மந்தை இருந்தது. வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் பின் உரைகித் அப்போது முஸ்லிம் அல்லர். பாதையை அறிந்தவர், நம்பத்தக்கவர் என்ற தகுதிகளே பார்க்கப்பட்டன. இத்தனையும் செய்த பிறகு, குகை வாசலில் எதிரிகள் வந்து நின்றபோதுதான் அல்லாஹ் நம்மோடு இருக்கிறான் என்ற பொருள்படும் ஆறுதல் வார்த்தை அங்கே சொல்லப்பட்டது. வரிசையைக் கவனியுங்கள். ஏற்பாடு முந்தியது.

இந்த ஏளனத்தில் ஒரு முரணும் உண்டு. ஹஜ்ஜுக்குச் செல்வோர் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்கிறார்கள். சவூதி அரசு கட்டாயமாக்கியிருப்பதால் அதை எவரும் தவக்குலின்மை என்பதில்லை. அதே மனிதர்கள் விசா விண்ணப்பத்துக்காக உறவினரிடம் நான்கு இலட்சம் கைமாற்று வாங்கி வங்கிக் கணக்கில் போட்டு, தம் சொந்தச் சேமிப்பு போலக் காட்டுகிறார்கள். விசா கிடைத்ததும் பணம் உரியவருக்குத் திரும்பிவிடுகிறது. அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்பவருக்கு இந்தப் பொய் எதற்கு? இங்கிலாந்து அரசு இத்தகைய ஏமாற்றைக் கண்டுபிடித்தால் 10 ஆண்டுகள் வரை விண்ணப்பங்களை மறுத்துவிடும். அது உலகத் தண்டனை. பொய்யின் கணக்கு வேறோரிடத்தில் இருக்கிறது. ஹலாலான முன்னேற்பாட்டைப் பழித்துவிட்டு ஹராமான முன்னேற்பாட்டைச் செய்வதற்குத் தவக்குல் என்று பெயரா?

இங்கிலாந்தின் கிராமப்புறம் நாட்காட்டிப் படங்களில் சாதுவாகத் தெரியும். பச்சைப் புல்வெளி, ஆடுகள், கல் வீடுகள். அங்கே என்ன ஆபத்து இருந்துவிடப் போகிறது என்று எண்ணுவோருக்காகச் சிலவற்றைச் சொல்கிறோம். நார்தம்பர்லாந்துக் கரையில் லிண்டிஸ்ஃபார்ன் என்றொரு தீவு இருக்கிறது. கடலை ஊடறுத்துச் செல்லும் தார்ச்சாலையில் காரிலேயே போகலாம். ஆனால் அந்தச் சாலையை நாளொன்றுக்கு இருமுறை கடல் மூடிவிடும். கடக்கத்தக்க நேரங்களை மாவட்ட நிர்வாகம் முன்கூட்டியே வெளியிடுகிறது. அப்படியும் நேரத்தைப் பார்க்காமல் வண்டியை இறக்கி நீருக்கு நடுவே சிக்கி, மீட்புப் படகுக்குக் காத்திருப்போர் ஆண்டுதோறும் உண்டு. அவர்கள் ஏறி நிற்பதற்காகவே தூண்களின் மேல் ஒரு மரக்குடில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

நம் கடலோர ஊர்க்காரர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். நாம் கண்ட கடல் வேறு. தமிழகக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றுக்குமுள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். லேக் டிஸ்ட்ரிக்டுக்குத் தெற்கேயுள்ள மோர்கம் விரிகுடாவில் அது 10 மீட்டர் வரை போகும். வற்றிய வேளையில் கண்ணுக்கெட்டிய தூரம் மணல்வெளியாகக் கிடக்கும் அந்த இடத்தில் 2004 பிப்ரவரி மாத இரவொன்றில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள் 21 பேராவது திரும்பி வந்த கடலில் மாண்டார்கள். புதைமணலும் அங்கே உண்டு. அந்த மணலைக் கடக்க விரும்புவோரை அழைத்துச் செல்வதற்கென்றே அரசரின் பெயரால் ஒரு வழிகாட்டி 16ஆம் நூற்றாண்டிலிருந்து நியமிக்கப்பட்டு வருகிறார். அப்துல்லாஹ் பின் உரைகித்தைக் கூலிக்கு அமர்த்திய நபியின் உம்மத்தினர், வழிகாட்டி வேண்டாமென்று அந்த மணலில் தாமாக இறங்கலாமா?

மலைகளும் உயரத்தால் ஏமாற்றுபவை. இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர்தான். நம் கொடைக்கானலில் பாதிகூட இல்லை. ஆனால் அதன் அடிவாரத்திலுள்ள சீத்வெய்ட் என்னும் சிற்றூரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. சென்னையில் பெய்வதைப் போல் இருமடங்குக்கும் மேல். காலையில் வெயில் காய்ந்த பாதையில் நண்பகலில் மூடுபனி இறங்கி, முன்னால் நடப்பவர் மறைந்துபோவார். ஜூன் மாதத்திலும் உச்சியில் குளிர்காற்று வீசும். செருப்போடும் மெல்லிய புர்காவோடும் ஏறும் இடமன்று அது. நீர்புகா மேலங்கி, பிடிமானமுள்ள காலணி, காகித வரைபடம், விசில் ஆகியவை அங்குள்ள சாதாரண மனிதர்கள் கொண்டுசெல்பவை. ஒரு நிமிடத்தில் 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது ஆபத்துக்கான அடையாளம். தொலைபேசி எடுத்தால் 999ஐ அழைத்துக் காவல்துறையைக் கேட்டு, பின் மலை மீட்புக் குழுவைக் கேட்க வேண்டும். அக்குழுவினர் ஊதியம் பெறாத தொண்டர்கள். நம் அலட்சியத்தால் மழையில் நனையப் போகிறவர்கள் அவர்கள். பிறருக்குத் தொல்லை தருவது பற்றி மார்க்கம் சொல்வதைத் தனியே எழுத வேண்டியதில்லை. புதர்ச்செடிகளுக்கிடையே நடந்து வந்தால் இரவில் உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் அவசியம். லைம் என்னும் நோயை அது பரப்பும்.

கார் ஓட்டுவது எளிது என்பார்கள். நம்மைப் போல் அங்கும் இடப்பக்கமே ஓட்டுகிறார்கள், நம் ஊர் உரிமத்தோடு வரும் சுற்றுலாப் பயணி 12 மாதங்கள் வரை ஓட்டச் சட்டமும் இடமளிக்கிறது. ஆனால் கிராமச் சாலைகள் பல ஒரு வண்டி மட்டுமே செல்லும் அகலமுடையவை. இருபுறமும் ஆளுயரப் புதர்வேலி. வளைவுக்கு அப்பால் டிராக்டரா, ஆட்டு மந்தையா என்று தெரியாது. இத்தகைய சாலைகளிலும் பல இடங்களில் சட்டப்படியான உச்சவேகம் மணிக்கு 60 மைல், அதாவது ஏறத்தாழ 96 கிலோமீட்டர். அது எல்லை மட்டுமே. அந்த வேகத்தில் அங்கே ஓட்டுபவர் அறிவுடையவர் அல்லர். பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்களை வேகமாக ஓட்டிய அன்ஜஷாவிடம், கண்ணாடிக் கலங்களைச் சுமந்து செல்வதாக எண்ணி மெதுவாக ஓட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். பக்கத்து இருக்கையில் மனைவியை அமர்த்திக்கொண்டு வளைவில் வேகம் கூட்டும் கணவர்கள் இந்த ஹதீஸைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

காப்பீட்டுக்கு வருவோம். இது உலமாக்களிடையே கருத்து வேறுபாடுள்ள விஷயம் என்பதை மறைக்க மாட்டோம். 1985இல் ஜித்தாவில் கூடிய ஃபிக்ஹ் அகாடமி வணிகக் காப்பீட்டை விலக்கியும், பரஸ்பர உதவி அடிப்படையிலான கூட்டுறவுக் காப்பீட்டை அனுமதித்தும் முடிவெடுத்தது. நிர்ப்பந்தமும் தேவையும் உள்ள இடங்களில் சலுகை வழங்கும் அறிஞர்களும் உள்ளனர். ஒவ்வொருவரும் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளியட்டும். பேணுதலின் பொருட்டு ஒருவர் காப்பீட்டைத் தவிர்த்தால் அவரை மதிக்கிறோம். ஆனால் அவரிடம் ஒரு கேள்வி: மருத்துவமனைச் செலவுக்கான தொகையை ஒதுக்கி வைத்திருக்கிறீர்களா? சுற்றுலா விசாவில் வருபவர் அங்கே மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டால், அரசு மருத்துவமனையின் செலவில் 150 விழுக்காடு அவரிடம் வசூலிக்கப்படும். இதய அடைப்போ இடுப்பு முறிவோ வந்தால் அது பல இலட்ச ரூபாய். 500 பவுண்டும் அதற்கு மேலும் பாக்கி வைப்பவருக்கு அடுத்த விசா மறுக்கப்படலாம். அதைவிடப் பெரிது, அது கடன். கடனோடு இறந்தவரின் ஆன்மா எப்படித் தொங்கவிடப்படும் என்பதை ஜனாஸா தொழுகைதோறும் நாம் நினைவூட்டிக்கொண்டிருக்கிறோம். காப்பீடும் எடுக்காமல், பணமும் சேர்க்காமல் போனவரின் பெயரால் வாட்ஸ்அப்பில் உண்டியல் குலுக்குவது யார்? இந்த ஜமாஅத்துதான். யமனியர் மக்காவில் கையேந்தினார்கள். நம்மவர்கள் கைப்பேசியில் ஏந்துகிறார்கள். காப்பீடு எடுப்போரும் இரண்டைக் கவனிக்க வேண்டும்: சர்க்கரை நோயையும் இரத்த அழுத்தத்தையும் மறைத்து எடுத்த காப்பீடு உதவாது, மறைத்தது பொய்யுமாகும்.

தொழுகைக்கு ஏற்பாடு செய்யாத பயணியே நம் பார்வையில் பெரும் அலட்சியக்காரர். ஜூன் இறுதியில் லேக் டிஸ்ட்ரிக்டில் சூரியன் மறைய இரவு 9.45க்கு மேல் ஆகிவிடும். நள்ளிரவிலும் அடிவானத்தில் வெளிச்சம் முழுதாக நீங்காது. எனவே இஷாவுக்கும் ஃபஜ்ருக்கும் அங்குள்ள பள்ளிவாசல்கள் வெவ்வேறு முறையில் நேரம் கணிக்கின்றன. எந்த அட்டவணையைப் பின்பற்றுவது என்பதைப் புறப்படுமுன் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்துகொள்ள வேண்டும். இரவு 11 மணிக்கு விடுதி அறையில் கணவனும் மனைவியும் வாதாடும் விஷயமன்று அது. ஷாஃபிஈகள் சேர்த்துத் தொழலாம். ஓரிடத்தில் 4 நாள்களோ அதற்கு மேலோ தங்க எண்ணினால் அச்சலுகை போய்விடும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஹனஃபிகளுக்கு ஓரிடத்தில் 15 நாள்களுக்குக் குறைவாகத் தங்கும் எண்ணமிருக்கும் வரை கஸ்ர் உண்டு, அவரவர் நேரத்தில் தொழ வேண்டும். குளிரில் ஒளு கடினமென்போருக்குப் பயணி 3 நாள்கள் தோல் காலுறை மீது மஸஹு செய்யும் சலுகை ஏட்டில் மட்டும் இருப்பதற்காக அருளப்படவில்லை. ஒரு சிறு எச்சரிக்கை: நமக்குப் பிறந்தது முதல் கிப்லா மேற்கு. இங்கிலாந்தில் அது தென்கிழக்கு. பழக்கத்தில் மேற்கே நோக்கித் தக்பீர் கட்டிவிடுவோர் உண்டு.

உணவிலும் இவ்வாறே. கிராமத்தில் ஹலால் இறைச்சி கிடைக்காதென்று மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் கேட்டு வாங்குகிறோம். இங்கிலாந்தின் வடபகுதிக் கடைகள் பலவற்றில் அதை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் மரபு இன்றும் இருக்கிறது. எந்த எண்ணெய் என்று கேட்பதில் வெட்கமில்லை. கேட்காமல் பிஸ்மி சொல்வதில்தான் சிக்கல்.

இத்தனைக்கும் மேலாக நாம் சொல்ல விரும்புவது மனைவியைப் பற்றியது. நம் கணவர்களில் பலர் மனைவியைப் பயணப் பெட்டியைப் போல் அழைத்துச் செல்கிறார்கள். இருவரின் கடவுச்சீட்டும் கணவரின் கைப்பையில். அவளுடைய கைப்பேசியில் அந்நாட்டுச் சிம் கிடையாது. விடுதியின் பெயர் அவளுக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல வராது. மலைப்பாதையில் கணவருக்குச் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தால், மொழி தெரியாத அந்தப் பெண் யாரை எப்படி அழைப்பாள்? அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று திண்ணையில் சொல்வது எளிது. அந்த இடத்தில் நிற்பவள் அவள்.

பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில் ஆயிஷா (ரலி) அவர்கள் தொலைந்த மாலையைத் தேடிச் சென்றிருக்க, அவர்கள் உள்ளே இருப்பதாக எண்ணிச் சிவிகையை ஒட்டகத்தின் மீது தூக்கி வைத்துவிட்டுப் படை புறப்பட்டுவிட்டது. திரும்பி வந்து வெறுமையைக் கண்ட அவர்கள் பாலையில் அங்குமிங்கும் ஓடவில்லை. தம்மைத் தேடி இதே இடத்துக்கு வருவார்கள் என்று கணித்து அங்கேயே அமர்ந்துகொண்டார்கள். படைக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ஸஃப்வான் (ரலி) அவர்களைக் கண்டார். அந்நிகழ்ச்சியின் பிற்பகுதியை மட்டுமே நம் பயான்கள் பேசுகின்றன. உதவி கேட்ட பிறகு நின்ற இடத்தை விட்டு நகராதீர்கள் என்று இன்றைய மலை மீட்புக் குழுவினர் சொல்வதை, இளம் வயதில் தனியே விடப்பட்ட நம் அன்னையார் அன்றே செய்தார்கள். முடிவெடுக்கும் அறிவு பெண்ணிடம் இருந்தது. அந்த அறிவு பயன்பட வேண்டுமானால் தகவல் அவள் கையில் இருக்க வேண்டும். கடவுச்சீட்டின் நகல், வேலை செய்யும் கைப்பேசி, விடுதி முகவரியும் மருந்துப் பெயர்களும் ஆங்கிலத்தில் எழுதிய அட்டை, 999 என்ற எண், உதவி கேட்க மூன்று ஆங்கில வாக்கியங்கள். இவற்றைக் கற்றுக்கொடுக்க ஒரு மாலைப்பொழுது போதும். தங்கள் அன்றாட வழித்தடத்தை மகனுக்குச் சொல்லி வைப்பதையும் இதில் சேர்க்கிறோம்.

கடைசியாக வஸிய்யத். எழுதத்தக்க ஒன்று தன்னிடம் இருக்கும் முஸ்லிம் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்ற கருத்துள்ள ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. "புறப்படும்போது அபசகுனமாக வஸிய்யத் எழுதுகிறார்களே" என்றும் திண்ணையில் சொல்லியிருக்கிறார்கள். சகுனம் பார்ப்பது ஷிர்க்கின் வாசல் என்று சென்ற மாதம் மத்ரஸாவில் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினோம். பெரியவர்களுக்கும் அந்த வகுப்பு தேவைப்படுகிறது. வஸிய்யத் எழுத உட்காரும்போதுதான் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது ஒருவருக்கு நினைவுக்கு வரும். அந்தக் கணவரும் அப்படி எழுத உட்கார்ந்தபோது, 34 ஆண்டுகளுக்கு முன் நிக்காஹ் பதிவேட்டில் எழுதியதோடு நின்றுபோன மஹர் பாக்கி அவர் கண்ணில் பட்டிருக்கிறது. விமானச் சீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே, அதை மனைவியின் கையில் எண்ணிக் கொடுத்துவிட்டார். திண்ணையில் அதைப் பற்றி இதுவரை எவரும் பேசவில்லை.